கோயிலுக்குத்தான் வந்தோம்

மூன்றாம் வருடம் இன்ஜினியரிங் படிக்கும்போது எனக்குத் தூக்கம் போனது. அப்புறம் பசி. ஒருநாள் காலை கிருஷ்ணன்கோவிலில், காலேஜ் வாசலில் பஸ் நின்று எல்லாரும் இறங்கியும், என்னால் சீட்டை விட்டு எழ முடியவில்லை. காரணமே இல்லாமல் அழுகை வந்தது. டிரைவர்தான் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னார்.

மனநல டாக்டரைப் பார்க்கலாம் என்று முடிவானதும் அம்மா, "ராஜபாளையத்துல வேண்டாம். யாராவது பார்த்துட்டா நாளைக்கு உன் தங்கச்சிய எவன் கட்டுவான்?" என்றாள். அதனால் ஸ்ரீவில்லிபுத்தூர். தெருவில் கேட்டவர்களிடம் ஆண்டாள் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

கிளினிக்கில் நுழைந்ததும் அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். மூலை நாற்காலியில் எங்கள் எதிர்வீட்டு டீச்சர். யாருக்குத் தெரியக் கூடாது என்று அம்மா ரொம்பப் பயந்தாளோ, அவரேதான்.

டீச்சரும் எங்களைப் பார்த்துவிட்டார். மடியிலிருந்த ஃபைலை அவசரமாகக் கைப்பைக்குள் திணித்தார்.

"கோயிலுக்கு வந்தேன் மதினி. செத்த நேரம் உக்காந்துட்டுப் போலாம்னு..."

"நாங்களும் கோயிலுக்குத்தான் டீச்சர்" என்றாள் அம்மா.

அந்த நேரம் பார்த்து நர்ஸ், டீச்சரின் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார். எழுந்த டீச்சர் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டார். அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

நாங்கள் டாக்டரைப் பார்த்து முடிக்கும்வரை டீச்சர் காத்திருந்தார். திரும்பும்போது பஸ்ஸில் அம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எம்புட்டு நாளா வாறிய?"

"வீட்டுக்காரவிய தவறிப்போன பொறவு, மூணு வருசமா. மாத்திரை போட்டுட்டுத்தான் தினமும் ஸ்கூலுக்குப் போறேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"நீங்க சொன்னியளா மதினி?"

அம்மா டீச்சரின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

மாத்திரை வேலை செய்யச் சில வாரம் பிடித்தது. அந்த செமஸ்டரில் இரண்டு பேப்பர் போனது. அப்புறம் எழுதிப் பாஸ் பண்ணினேன். ஆனால் நெஞ்சிலிருந்த பாரம் அதற்கு முன்பே, மறுபடி காலேஜ் பஸ் ஏறிய அன்றே பாதி இறங்கிவிட்டது. பக்கத்து சீட்டு நண்பனிடம், மனநல டாக்டரிடம் போய்க்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். விலகி உட்காருவான் என்றுதான் நினைத்தேன்.

அவன் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். "ஏலே, ரெண்டு மாசமா பேசலையேன்னு, எம்மேல கோவம்னுல்ல நெனச்சிட்டு இருந்தேன்!"