பிஸ்கட் டப்பாவில் இருந்த மாத்திரை

என் வீட்டுக்காரருக்கு மின்விசிறி, மிக்ஸி பழுதுபார்க்கும் கடை. எதைக் கழற்றி மாட்டினாலும் கடைசியில் ஒரு ஸ்குருவாவது அவர் கையில் மிஞ்சும். "இது இல்லாமயே ஓடுதே!" என்று பெருமையாக அதைப் பிஸ்கட் டப்பாவில் போட்டுக்கொள்வார். கடைத்தெருவில் அவருக்கு 'மிச்சம்' என்றே பெயர். கட்டிக்கொண்டாயிற்று, என்ன செய்ய?

ஒரு மழைக்காலத்தில் மலேரியா வந்து அவரை ஆட்டிப்படைத்தது. டாக்டர் ரத்தத்தைச் சோதித்த பிறகே மாத்திரை தந்தார். இரண்டு வாரம் சாப்பாட்டுக்குப் பின் விடாமல் போடச் சொன்னார். காய்ச்சல் விட்டதும் மனிதர் விசிலடித்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார். "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டால், "ஆச்சு, ஆச்சு" என்பார். நானும் நம்பித் தொலைத்தேன்.

அடுத்த மாதம் மகள் வந்தாள். வயிற்றில் எங்கள் முதல் பேரப்பிள்ளை. வந்த மறுநாளே அவளுக்கு உடம்பு கொதித்தது. நான் ஈரத்துணியோடு ஓடிவந்தால், இவர் டப்பாவைக் கவிழ்த்து ஸ்குருக்களுக்கு நடுவிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டிருக்கிறார்.

"பாத்தியா, மிச்சம் வச்சது கைகொடுக்குது! என் காய்ச்சலை விரட்டுன மாத்திரைதான், போட்டுக்கம்மா."

அப்பா சொல்கிறாரே என்று அவளும் மாத்திரையை வாய்க்குக் கொண்டுபோய்விட்டாள். பாய்ந்து பிடுங்கினேன்.

"உங்களுக்கே ரத்தத்தைப் பாத்துட்டுத்தானே குடுத்தாங்க? புள்ளைத்தாச்சிக்கு மருந்து குடுக்க நீங்க என்ன டாக்டரா?"

வண்டி பிடித்து ஓடினோம். மகளுக்கு மலேரியாவே இல்லை. சாதாரண வைரஸ் காய்ச்சல். அட்டையைப் பார்த்த டாக்டருக்கு முகம் மாறியது.

"இது கர்ப்பிணிக்கு ஆகவே ஆகாது. வயித்துல இருக்கிற குழந்தையோட ரத்தத்தையே கெடுத்துடலாம். மாத்திரையை மிச்சம் வச்ச உங்களுக்கும் காய்ச்சல் மட்டும்தான் விட்டிருக்கு. கிருமி கல்லீரல்ல ஒளிஞ்சிருந்தா மறுபடி வரும்."

"இல்லாமயே ஓடுச்சே டாக்டர்..." என்று இழுத்தவர், என் முகத்தைப் பார்த்ததும் ரத்தப் பரிசோதனைக்குக் கையை நீட்டினார்.

டாக்டர் அவரை மறுபடி சோதித்துப் புது மாத்திரை எழுதிக்கொடுத்தார். காய்ச்சல் விட்டு எழுந்த மகள் தினமும் பக்கத்திலேயே நின்று, "முழுங்கிட்டு நாக்கை நீட்டுங்கப்பா" என்று அதட்டினாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

பேத்தி பிறந்த அன்று இவர் அவளைக் கையில் வாங்கி, ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"எல்லாம் இருக்குடி," என்றார். "ஒண்ணுகூட விட்டுப்போகல."