இரண்டு கல்தூணும் ஒரு பெரிய காரும்

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தீட்டுகிற மனிதருக்குப் பிளான் என்று பெயர் வைத்தது அவர் மனைவி. அது எப்படியோ கடைக்கும் வந்து சேர்ந்து, முதலாளி உட்பட எல்லோருக்கும் அவர் பிளான் சார் ஆகிவிட்டார். அவர் கோபித்துக்கொண்டதில்லை. எத்தனை மணிக்குச் சாப்பாட்டை முடித்தால் கை கழுவுகிற இடத்தில் கூட்டம் இருக்காது என்று யோசித்துச் சாப்பிடுகிறவரை வேறு எப்படித்தான் கூப்பிடுவது?

ஆனால் அந்த மூளை முழு மூச்சாக வேலை செய்தது வருடத்தில் ஒரே ஒரு காரியத்துக்குத்தான். மலை ஆற்றுக்கு இரண்டு நாள் மீன் பிடிக்கப் போவது. மண்புழு மாட்டிவிட்டுத் தூங்குகிற தூண்டில் இல்லை இது. கொக்கியில் இறகையும் நூலையும் சுற்றி ஈ மாதிரி ஒரு பொய்ப்பூச்சி கட்டி, சாட்டை சுழற்றுவதுபோல் வீசி, தண்ணீர்மேல் மிதக்கவிட்டு மீனை ஏமாற்றுகிற வித்தை. வசதியானவர்களின் விளையாட்டு என்பார்கள். பிளானுக்கு வசதி இல்லை, பிளான் இருந்தது. பூச்சிகளைக் கடை விளக்கடியில் அவரே கட்டிக்கொள்வார். கார் வாடகைக் கார். விமான நிலையத்து கவுன்டரில் எடுத்தால் ஒரு விலை, ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கிளையில் எடுத்தால் முக்கால் விலை. சனி ஞாயிறு வேண்டவே வேண்டாம். திங்கள் செவ்வாயில் ஆற்று அனுமதிச் சீட்டும் மலிவு. இருப்பதிலேயே சின்ன வண்டி. பெட்ரோல் மலையேறும் முன்னால். படுக்கை ஆற்றங்கரை விடுதியில் அல்ல, பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி லாரிக்காரர்கள் தங்குகிற லாட்ஜில். பின்னால் தன் தலையில் கட்டிவிடக் கூடாதென்று, வண்டி கைக்கு வந்ததும் அதிலிருக்கும் கீறல் ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்துவிடுவார். லென்ஸில் மயிரிழைக் கீறலைப் பிடிக்கிற கண்ணுக்குக் கார் எம்மாத்திரம்!

இவ்வளவையும் ஒரே தாளில் எழுதி மச்சானுக்குத் தபாலில் அனுப்புவார். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன், ஆற்றுக்குக் கூட வருகிறவர். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் ஏணியேறி முழங்கால் இரண்டும் போய்விட்டன. தாளின் பின்பக்கத்தில் 'அடுத்த வருஷம்' என்று தலைப்பு மட்டும் இருக்கும். ஊர் திரும்பியதும், வண்டியை ஒப்படைக்கும் முன்னால், அடுத்த தடவை என்ன மாற்றவேண்டும் என்று மச்சான் அதில் ஒரு வரி எழுதவேண்டும். 'முட்டையை இன்னும் கொஞ்சம் வேகவைக்கவும்.' 'லாட்ஜில் மாடி அறை வேண்டாம்.' இப்படிப் பதினோரு வருடம், பதினோரு வரி.

பிறகு மனைவி இறந்துபோனாள். இரண்டு வருடம் தாளும் இல்லை, ஆறும் இல்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் அத்தனை பேர் முன்னாலும் மச்சான் கேட்டார்: "நாலு பேர் கிடக்கிற வார்டுல கொண்டுபோய்ப் போட்டியே, தனி ரூம் எடுக்கக் கை வரலையா உனக்கு?" பிளான் தலையைக் குனிந்துகொண்டார். அதன்பின் எப்போதாவது போனில் பேசினாலும் மச்சான் வாயில் 'நீ' போய் 'நீங்க' வந்துவிட்டது. இருபத்தெட்டு வருடமாக "என்னய்யா மாப்ளே" என்றவர் "சௌக்கியமா இருக்கீங்களா?" என்று கேட்டார். பிளானுக்குப் பிள்ளைகள் இல்லை. உறவு என்று மிஞ்சியது இந்த ஒரு மனிதர்தான், அவரும் மனைவி வழியில் வந்தவர். அவள் போன பிறகு மச்சான் மட்டும் மச்சானாக இருப்பாரா, இல்லையா? பிளானுக்கு அது தெரிந்தாகவேண்டும். ஆனால் போனைப் போட்டுக் கேட்கிற கேள்வியா அது? மூன்றாம் வருடம் பேசாமல் ஒரு தாளை எழுதித் தபாலில் போட்டார்.

பதில் வரவில்லை. குறித்த திங்கட்கிழமை காலையில் வாடகைக் கார் கிளைக்குப் போனால், தூண்டில் உறையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் மச்சான் நிற்கிறார்.

"வாங்க மச்சான். சாப்டீங்களா?"

"ஆச்சு. நீங்க?"

கவுன்டரில் இருந்த பெண் முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். "சார், நீங்க கேட்ட சின்ன வண்டி சர்வீஸ்ல இருக்கு. அதே வாடகைக்குப் பெரிய வண்டி தர்றோம். கூட ஒரு பைசா வேணாம்."

"சின்னது எப்ப வரும்மா?" என்று கேட்டார் மச்சான்.

"மத்தியானம் ஒண்ணு திரும்பி வரும் சார்."

"அப்ப காத்திருந்து அதையே எடுத்துக்கலாமே."

"சும்மா குடுக்கறாங்க மச்சான்! நீங்களும் காலை நல்லா நீட்டிக்கலாம்" என்றார் பிளான். கப்பல் மாதிரி நின்ற அந்த வண்டியை அவர் வளைத்து வளைத்துப் போட்டோ எடுத்தார். ஒரு கீறல்கூட இல்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

வழியெல்லாம் பேச்சு வானிலையைத் தாண்டவில்லை. மூன்று மணி நேரம் ஓட்டி, மலையேறி, பழைய பாலத்துக்கு வந்தார்கள். லாரிகள் ஏறிப் பாலத்தை உடைத்துவிடக் கூடாதென்று அதன் முகப்பில் இரண்டு கல்தூண்களை நட்டு வைத்திருக்கிறார்கள். சின்ன வண்டி என்றால் பக்கத்துக்கு நாலு விரல் இடைவெளியில் புகுந்துவிடும். அதற்கப்புறம் மூன்று கிலோமீட்டரில் அவர்கள் வழக்கமாக மீன் பிடிக்கிற மடு. பதினோரு வருடமாக இந்தத் தூண்களுக்காகத்தான் சின்ன வண்டி. மலிவு என்பது இரண்டாவது காரணம். மச்சான் கொண்டுவந்து முன் கண்ணாடிக்குக் கீழே போட்டிருக்கிற தாளில் பிளான் கையாலேயே 'தூண், மெதுவாக' என்று எழுதியிருக்கிறது. இனாம் என்ற சத்தம் காதில் விழுந்ததும் அத்தனையும் மறந்துபோனால் அப்படிப்பட்ட மூளையை என்ன செய்வது?

பக்கக் கண்ணாடிகளை மடக்கிப் பார்த்தார். இறங்கிப் போய்த் தூண்டில் உறையைக் குறுக்கே பிடித்து இடைவெளியை அளந்தார், பிறகு வண்டியை அளந்தார். ஒரு சாண் அதிகம். எத்தனை தடவை அளந்தாலும் அதே ஒரு சாண்தான்.

மச்சான் வண்டியைவிட்டு இறங்கவில்லை. "மூணு கிலோமீட்டர் என்னால நடக்க ஆகாது. நீங்க போயிட்டு வாங்க."

"தப்பு என்னோடதுதான் மச்சான்."

"சும்மான்னா போதும் உங்களுக்கு." மச்சானின் குரல் ஏறிக்கொண்டே போனது. "அப்புறம் யாரு கால் வலிச்சா என்ன, யாரு எங்க கிடந்தா என்ன? என் தங்கச்சிக்கும் இதானே நடந்துச்சு!"

பிளான் தூண்டில் உறையோடு தூணுக்கும் வண்டிக்கும் நடுவில் நின்றார். "தனி ரூமுக்குத்தான் மச்சான் கையெழுத்துப் போட்டேன். அவதான் வேணாம்னா. சுவத்தப் பாத்துக்கிட்டுத் தனியா கிடக்க முடியாது, நாலு பேர் பேச்சுச் சத்தம் வேணும்னா. பக்கத்துக் கட்டில்ல ஒரு தையக்காரம்மா. ரெண்டு பேருமா நர்ஸுங்களுக்கெல்லாம் பேர் வச்சுச் சிரிச்சுட்டுக் கிடந்தாங்க."

மச்சான் கதவைத் திறந்தார். "இத அன்னிக்கே சொல்றதுக்கு என்ன?"

"அவ வேணாம்னு சொன்னதும் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு மச்சான். செலவு மிச்சம்னு. அவ அப்படிக் கிடக்கறப்ப எனக்கு அப்படித் தோணுச்சு. நீங்க கேட்டது சரிதானே? அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு பதில் சொல்றது?"

மச்சான் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"என்ன பேர் வச்சா?"

"யாருக்கு?"

"நர்ஸுங்களுக்கு."

"நெட்டையா ஒருத்தங்க, அவங்க கொடிக்கம்பம். சத்தமே போடாம வந்து ஊசி குத்தறவங்க கொசு."

மச்சானுக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். "போல்ட்டு நட்டு முடுக்கறவன்னு எனக்கு நட்டுன்னு பேர் வச்சிருந்தா, கழுதை. வீட்டுக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் நட்டு அண்ணன் உள்ள இருக்குன்னு சொல்லுவா." கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார். "சரி, கப்பலை ஓரமா நிறுத்து. பாலத்தடியிலயும் தண்ணிதானே ஓடுது? இங்கயே வீசிப் பாப்போம்."

பதினோரு வருடமாக அந்த இடத்தை நிற்காமல் தாண்டிப் போயிருக்கிறார்கள். நிற்கத் தேவையில்லாத இடம்தான் அது. கணுக்கால் அளவு தண்ணீர், காலுக்கடியில் பாசி பிடித்த கல், பின்னால் ஒரு மரம். பிளான் வீசிய பூச்சிகளில் நாலை மரமே வாங்கிக்கொண்டது. மச்சானுக்கு மறுநாள் விரல் நீளத்தில் ஒரு மீன் சிக்கியது. அதையும் இரண்டு பேருமாகக் கொக்கியிலிருந்து எடுத்துத் தண்ணீரில் விட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வண்டியை ஒப்படைக்கிற இடத்தில் பிளான் மறுபடியும் போட்டோ எடுக்கத் தொடங்கினார். தாளைப் பற்றி அவராக வாயைத் திறக்கவில்லை. கேட்டு வாங்கினால் அது கணக்கில் சேராது என்று அவருக்குப் பட்டது. பின்பக்க பம்பரைப் போட்டோ எடுத்துவிட்டு நிமிர்ந்தபோது, மச்சான் முன் கண்ணாடிக்குக் கீழே கிடந்த தாளைத் திருப்பிப் போட்டு, பானெட்மேல் வைத்து எழுதிக்கொண்டிருந்தார். எழுதி, நாலாக மடித்து, பிளானின் சட்டைப்பையில் செருகினார்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு. வரட்டுமா மாப்ளே?"

பிளான் அதை அங்கே பிரிக்கவில்லை. பஸ் திருப்பம் தாண்டும்வரை நின்று பார்த்துவிட்டு, சாவியைக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு நடந்து வந்து, செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் பிரித்தார். 'அடுத்த வருஷம்' என்பதற்குக் கீழே மச்சானின் கட்டை எழுத்தில் ஒரு வரி இருந்தது.

'சின்ன வண்டி. மத்தியானம்வரை உட்காரவேண்டியிருந்தாலும் சேர்ந்து உட்காரலாம்.'