மலை இறங்காத செயன்முறைகள்

தொண்ணூறுகளின் இறுதியில், பதுளை நகரில், தேயிலைத் தோட்டங்களை நிர்வகித்த ஒரு நிறுவனத்தின் பிராந்திய அலுவலகத்தில் நான் கணனிப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தேன். கல்லூரியில் கணிதத்தைச் சிறப்புப் பாடமாகப் பயின்றவன். கொழும்பில் வணிக நிரல்மொழி ஒன்றில் முறையான பயிற்சி பெற்றவன். அந்த அலுவலகத்தில் ஓடிய நிரல்கள் ஒவ்வொன்றும் என் கையால் எழுதப்பட்டவை. முகாமையாளர்கூட என் அறைக்குள் நுழையுமுன் கதவைத் தட்டுவார். தற்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. பின்னர் நடந்ததை மதிப்பிட வாசகருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் பொறுப்பில் பத்தொன்பது தோட்டங்கள் இருந்தன. ஹல்துமுல்லை முதல் தெமோதரை வரை ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் ஒரு தாள் காலை பஸ்ஸில் வந்து சேரும். முந்திய நாள் விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு மலைக்கு அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர், அவர்கள் பறித்த கொழுந்து எத்தனை கிலோ என்பது அதில் இருக்கும். இவற்றைக் கணனியில் பதிய ஓர் இளம்பெண் நியமிக்கப்பட்டிருந்தார். தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்து, உயர்தரம் வரை படித்தவர். தகுதிகாண் காலம் முடிய இன்னும் சில வாரங்களே இருந்தன. அவர் பதிந்தவை நாள் முடிவில் ஒருமிக்கச் சேமிக்கப்பட்டு, மாலையில் கொழும்புக்குத் தொலைநகலில் போகவேண்டும்.

தொல்லை அங்கேதான் தொடங்கியது. பிற்பகலானால் அவருடைய கணனி மெல்ல மெல்லத் தளர்ந்து, பிறகு அசையாமல் நின்றுவிடும். நிறுத்தி மீண்டும் இயக்கினால் காலையிலிருந்து பதிந்தவை எல்லாம் போயிருக்கும். கொழும்பிலிருந்து தொலைபேசி வரும். என் ஊரிலிருந்தே வந்து என்னுடன் பணியாற்றிய தலைமை எழுதுவினைஞர் இதில் மகிழ்ச்சியடைந்தார்.

"மாஸ்டர், உம்மட மிஷினுக்கும் மத்தியானச் சோத்துக்குப் பிறகு நித்திரை வருதாம். ஒரு பாய் வாங்கிக் குடுப்பமே?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்.

நான் அந்தப் பெண்ணை அழைத்து விசாரித்தேன்.

"பிள்ளை, நீர் ஒரு தோட்டத்தின்ட திரையையும் மூடாமல் அடுத்தடுத்துத் திறக்கிறீர். அதுதான் காரணம்."

"இல்ல சேர், ஒவ்வொண்ணையும் மூடிட்டுத்தான் அடுத்தத தொறக்கிறேன்."

"நிரல் பிழை விடாது. ஆக்கள்தான் பிழை விடுறது."

அன்று மாலையே முகாமையாளருக்கு ஒரு கடிதம் எழுதினேன். கவனக்குறைவு, பயிற்சியை உள்வாங்கும் ஆற்றலின்மை என்ற இரு காரணங்களைக் காட்டி, அவரைப் பணியில் உறுதிப்படுத்த வேண்டாம் என்று கேட்டிருந்தேன். மூன்று நாட்களுக்குள் விளக்கம் தருமாறு அவருக்கு அறிவித்தல் போயிற்று. இந்த வேலை போனால் அடுத்த வாரம் அவர் தோட்டத்துப் பெரட்டில் நிற்க நேரும் என்பது எனக்குத் தெரியாததன்று.

மூன்றாம் நாள் காலை அவர் ஒரு பள்ளிக்கூடக் கொப்பியுடன் என் மேசைக்கு வந்தார்.

"சேர், இத ஒருக்கா பாத்துட்டு, பொறகு வேலைய விட்டு நிப்பாட்டுங்க."

கணனி நின்ற ஒவ்வொரு நாளையும் அதில் எழுதி வைத்திருந்தார். நின்ற நேரம் நாளுக்கு நாள் மாறியது. ஆனால் எல்லா நாட்களிலும் பதினான்காவது தாளையொட்டியே நின்றிருந்தது. தீபாவளிக்கு அடுத்த நாள் எட்டுத் தோட்டங்களின் தாள்களே வந்தன. அன்று கணனி நிற்கவேயில்லை. கணிதம் படித்தவனுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. இருந்தும் நான் கொப்பியைப் புரட்டிக்கொண்டே இருந்தேன்.

"நான் திரைய மூடுறேன்ல சேர், மூடுன பொறகு அது எங்க போவுது?"

"போயிடும்."

"யாரு போகச் சொல்றது?"

நான் கொப்பியிலிருந்து நிமிர்ந்தேன். கேள்வி எனக்கு விளங்கவில்லை என்று அவர் எண்ணியிருக்க வேண்டும்.

"பள்ளிக்கூட லீவுல நானும் பெரட்டுல நின்னவதான் சேர். பேர் கூப்புட்டு மலைக்கு அனுப்புவாங்க. அந்திக்குக் கொழுந்த எடை போட்டு, போங்கன்னு கங்காணி சொன்னாத்தான் எறங்குவோம். அவரு சொல்லாம வீட்டுக்குப் போயிட்டா நாங்க மலையிலயேதான் நிப்போம். அவரு கண்ணுக்குத் தெரிய மாட்டோம், அவ்வளவுதான்."

நிரலறியாத வாசகருக்கு இதை விளக்க வேண்டும். நிரலின் ஒரு பகுதியைச் செயன்முறை என்போம். சாதாரணச் செயன்முறை அழைத்தால் வரும், வேலை முடிந்தால் தானாகவே போய்விடும். அந்த மொழியில் இன்னொரு வகையும் உண்டு. அழைத்தால், நீக்கு என்று நாம் கட்டளையிடும்வரை அது கணனியின் நினைவகத்திலேயே நிலைத்திருக்கும். பல திரைகளை ஒரே நேரத்தில் திறந்து வைக்கலாம் என்பதற்காக நான் இந்த இரண்டாம் வகையைக் கையாண்டிருந்தேன். அது எங்கே இருக்கிறது என்பதைக் காட்டும் அடையாளத்தை, பிடி என்று வைத்துக்கொள்வோம், ஓரிடத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். நான் ஒரே இடத்தையே எல்லாவற்றுக்கும் வைத்திருந்தேன். அடுத்த தோட்டத்தைத் திறந்ததும் புதிய பிடி பழையதன் மேல் எழுதப்பட்டுவிடும். மூடும் பொத்தான் திரையை மறைத்தது. நீக்கு என்ற கட்டளையை நான் எங்கும் எழுதியிருக்கவில்லை.

நினைவகத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்கும் சில வரிகளை எழுதினேன். அவரைப் பத்துத் தாள்கள் பதியச் சொல்லி, ஒவ்வொன்றையும் என் கண்முன்னே மூடச் செய்தேன். பிறகு அந்த வரிகளை ஓடவிட்டேன். அப்புத்தளை, ஹல்துமுல்லை, தெமோதரை என்று பத்துப் பெயர்களும் திரையில் வரிசையாக வந்தன. ஒருவரும் மலை இறங்கியிருக்கவில்லை.

அவர்களை நீக்குவதிலும் நான் முதல் தடவை தவறினேன். வரிசையின் முதலாவதை நீக்கிவிட்டு, உனக்கு அடுத்தது எது என்று அதனிடமே கேட்கும்படி எழுதியிருந்தேன். நிரல் பிழை காட்டி நின்றது. ஏன் நின்றது என்று அவர் கேட்டார். சொன்னேன்.

"போனவங்ககிட்ட கேட்டா யாரு சேர் சொல்லுவா?"

அடுத்ததைக் குறித்துக்கொண்ட பிறகே முன்னதை நீக்க வேண்டும் என்று திருத்தினேன். மூடும் பொத்தானிலும் நீக்கும் கட்டளையைச் சேர்த்தேன். மொத்தம் ஆறு வரிகள். அன்று பத்தொன்பது தாள்களும் பதியப்பட்டன. கணனி நிற்கவில்லை. தொலைநகல் நேரத்துக்குப் போயிற்று.

மாலையில் இரண்டாவது கடிதத்தை எழுதினேன். தொழில்நுட்பக் கோளாறு ஒன்று கீழே ஒப்பமிடுபவரால் கண்டறியப்பட்டுச் சீர்செய்யப்பட்டது, ஆகவே முந்திய கடிதத்தைக் கவனத்திற் கொள்ளவேண்டாம் என்பது அதன் வாசகம். கோளாறு யாருடையது என்று அதில் இல்லை. அந்தக் கடிதத்தின் பிரதியை அவருக்கும் கொடுத்தேன். வாசித்துவிட்டு, கொப்பியை எடுத்துக்கொண்டு தம் இருக்கைக்குப் போனார். அவர் பணியில் உறுதிப்படுத்தப்பட்டார்.

சில ஆண்டுகளின் பின் நான் ஓய்வுபெற்றேன். பிரியாவிடைக் கூட்டத்தில் தலைமை எழுதுவினைஞர் எனக்கு மாலை அணிவித்துப் பேசினார். ஆராயாமல் வேலையிலிருந்து நீக்கப்படவிருந்த ஓர் ஏழைப் பிள்ளைக்காக ஒரு நாள் முழுவதும் கணனி முன் அமர்ந்து, பிழையைக் கண்டுபிடித்து, அவருடைய வேலையைக் காப்பாற்றிய மனிதர் நான் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். இரண்டாவது வரிசையில் இருந்த அந்தப் பெண்ணும் தட்டினார். நான் மாலையைக் கழற்றாமல் அமர்ந்திருந்தேன்.

வாசலில் என் பையைக் கொண்டுவந்து தந்தவர் அவரே.

"அந்தியாயிருச்சு சேர். பாத்து எறங்குங்க," என்றார்.

அந்தச் சொல்லில் கேலி இருந்ததா, மரியாதை இருந்ததா என்று இன்றுவரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை. மூடியதும் போய்விட்டது என்று நான் எண்ணிய அந்த முதற் கடிதம் மட்டும் போகாமல் என்னுடன் இருக்கிறது.

பதுளையிலிருந்து வரும் நண்பர்கள் அந்தப் பேச்சை இன்றும் திரும்பச் சொல்கிறார்கள். அது சரியன்று. அவருடைய வேலையை நான் காப்பாற்றவில்லை. அதைப் பறிக்கும்படி கேட்டவன் நான். பிழை என் நிரலில் இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் அவர்.