பத்து வினாடி

பாறை ஏறும்போது ஹெல்மெட்டில் மாட்டியிருந்த கேமராவைக் கழற்றி, மகன் முக்காலியில் பொருத்தினான். பத்து வினாடி டைமர் ‘பீப், பீப்’ என்று எண்ணத் தொடங்கியது.

அந்தச் சத்தத்தை முதன்முதலில் கேட்டபோது எனக்கு ஒன்பது வயது. குவைத்திலிருந்து வந்திருந்த சித்தப்பா, புதுக் கேமராவோடு வீட்டுப் பிள்ளைகள் எங்களை அன்னவாசல் பக்கம் ஒரு பழைய கல்குவாரிக்கு அழைத்துப்போனார். பள்ளத்தில் மழைத்தண்ணீர் பச்சையாகத் தேங்கியிருந்தது. அது படத்தில் தெரியவேண்டுமென்று எங்கள் ஆறு பேரையும் விளிம்பை ஒட்டி உட்காரவைத்தார். கேமராவை எதிரே கல்மேல் வைத்து டைமரை அழுத்தினார்.

“நான் ஒசரம், பின்னாடி நின்னுக்கிறேன். யாரும் திரும்பிராதீங்க. ரோல்ல ஒரு படந்தான் மிச்சம்.”

அவருடைய சென்ட் வாசனை என்னைத் தாண்டிப் பின்னால் போனது. பாசியில் செருப்பு வழுக்கியது. தண்ணீரில் ஏதோ விழுந்தது. பீப் சத்தம் வேகமெடுத்தது. பிளாஷ் அடித்த பிறகுதான் திரும்பினோம்.

மறுநாள்தான் உடலை எடுத்தார்கள். கழுவி வந்த படத்தில் ஆறு பேரும் அழகாகச் சிரிக்கிறோம். பின்னால் தண்ணீரில் ஒரு வட்டம் விரிந்துகொண்டிருக்கிறது.

மகன் ஓடிவந்து என் பின்னால் நின்றான். நான் திரும்பி அவன் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டேன். கேமரா ‘க்ளிக்’ என்றது.

“ஒன் மொகம் எந்தப் போட்டோவுலயும் விழுறதே இல்லம்மா,” என்றான்.