கடைசி சீட்டில் பத்து நிமிஷம்

போன வெள்ளிக்கிழமை தாடிக்கொம்பு கோயிலுக்கு டவுன் பஸ்ஸில் போனேன். கடைசி ஸ்டாப்பில் இறங்கி, கோயில் வாசல் வரை போனதும்தான் குடை ஞாபகம். திரும்பி ஏறினால்... கடைசி நீள சீட்டில் டிரைவர் மல்லாந்து கிடக்கிறார்!

மயக்கமா? நெஞ்சுவலியா? பதறிப் போய்ப் பக்கத்தில் ஓடினேன். இடது முழங்காலை இரண்டு கையாலும் கட்டி நெஞ்சோடு இழுத்தபடி எண்ணிக்கொண்டிருந்தார் — “பதினேழு... பதினெட்டு...”

என்னைப் பார்த்ததும் சிரித்தார். “அக்கா, நீங்களா! செத்த நேரம் இருங்க, இன்னும் ரெண்டுதான்.”

அட, செல்வராசு!

அஞ்சு மாசத்துக்கு முன்னால் திண்டுக்கல்லில் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் பழக்கமானவர். எனக்கு சயாட்டிகா. இடுப்பில் கிளம்பி குதிகால் வரை சுரீரென்று இறங்கும் நரம்பு வலி. அவருக்கும் அதே. எனக்கு வலது கால். அவருக்கு இடது — கிளட்ச் மிதிக்கிற கால்.

அன்றைக்குச் சுவரைப் பிடித்துப் பிடித்துத்தான் உள்ளே வந்தார். “கிளட்ச்ச அமுக்குறப்பல்லாம் உசுரு போய் உசுரு வருதும்மா. வண்டியில அம்புட்டு சனம் உக்காந்திருக்கு. கால் திடீர்னு பேச்சு கேக்கலைன்னா?” என்று பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம் கேட்டவர், முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். நாற்பது வயசு மனுஷன். தோள் குலுங்கியது.

அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள்: “ஆபரேஷன் தேவையில்லைன்னு டாக்டர் சொல்லிட்டாருல்லண்ணே? லீவு போட்டு, இந்த நாலு பயிற்சியைத் தினமும் செய்யுங்க. வலி குறைஞ்சாலும் நிறுத்தக் கூடாது. கால் மரத்துச்சுன்னா உடனே டாக்டரைப் பாருங்க.”

எனக்கும் அதே நாலு பயிற்சிதான். எட்டு நாள் செய்தேன். அப்புறம் ஒரு கல்யாணம், விருந்தாளிகள்... சாக்குக்கா பஞ்சம்?

செல்வராசு எழுந்து உட்கார்ந்து சட்டையைச் சரிசெய்தார். “மொத மூணு வாரம் ஒண்ணுமே தெரியலக்கா. சும்மா காலை ஆட்டிக்கிட்டுக் கெடக்கேன்னு வீட்டுல சிரிச்சாங்க. நான் விடல. ரெண்டு மாசம் கழிச்சு டாக்டர் ஓட்டலாம்னார். பயந்துக்கிட்டேதான் வண்டிய எடுத்தேன். ஒருநா ரயில்வே கேட்டுல நின்னு கெளம்புறேன்... கிளட்ச்ச மிதிச்சு, கியரையும் போட்டுட்டேன். பெறகுதான் ஒறைக்குது — ஏலே, வலிக்கலையே!”

சொல்லும்போது அவர் கண் கலங்கியது. எனக்கும்தான்.

கத்தி வைக்கவில்லை. ஊசி குத்தவில்லை. ட்ரிப்புக்கு ட்ரிப் கிடைக்கிற பத்து நிமிஷம், அவ்வளவுதான்! அலறிக்கொண்டிருந்த நரம்பை அதுவா அடக்கியது? பலனே தெரியாத அந்த மூணு வாரமும் விடாமல் செய்தாரே, எனக்கு அதுதான் பெரிய ஆச்சரியம்.

“வலி சுத்தமாப் போயிருச்சா தம்பி?”

“எங்கக்கா... அப்பப்ப எட்டிப் பாக்கும். ஆனா இப்ப வண்டிய நான்தான் ஓட்டுறேன். அது பேசாம பின்னாடி உக்காந்து வருது.”

வீட்டுக்கு வந்ததும் பாயை விரித்தேன் — தூங்குவதற்கு அல்ல!