ஒரே விரல் வைத்து வாசித்த இரண்டு பிரஸ்கள்

வெடுக்கு என்ற பேர் முதலில் காதில் விழுந்தது அவளுடைய மாமியார் வாயிலிருந்துதான். மூத்த மருமகள் வீட்டுக்கு வந்து நாலு நாள்கூட ஆகவில்லை. "ஒரு வார்த்தை கேட்டா தேள் கொட்டுற மாதிரி வெடுக்குன்னு பதில் வருது. இவ பேரே வெடுக்குதான்" என்று அந்த அம்மா அடுத்த வீட்டுக்காரியிடம் புலம்ப, அதுவே ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளச் சீட்டோடு சரி.

தகரத்தை அழுத்தி மூடியும் தட்டும் செய்கிற தொழிற்சாலை ஒன்று. அங்கே அவள் புருஷன் மேஸ்திரி. கொழுந்தன், பிரஸ் என்கிற அழுத்தும் எந்திரத்தின் அச்சைத் துடைக்கிறவன். பிரஸ்ஸை ஓட்டும் கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதுகிறவள் வெடுக்கு. மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்திருப்பாள். பொத்தான் மேடையில் நிற்கிறவனுக்குத் தாடியே பேராகிவிட்டது. அவனும் அந்நியனில்லை. மாமியாருடைய ஒன்றுவிட்ட அண்ணன் மகன். அந்த முறையில் கொழுந்தனுக்கு மச்சான். மச்சான்கள் இரண்டு பேருக்கும் எலியும் பூனையும் உறவு.

பிரஸ்ஸுக்கு மூன்றே கட்டளைகள்: ஏறு, நில், இறங்கு. ஒரு ஃபைலில் இவை திரும்பத் திரும்ப எழுதியிருக்கும். 'நில்' வந்ததும் மஞ்சள் விளக்கு எரியும். துடைக்கிறவன் கையை எடுத்த பிறகு தாடி பொத்தானை அழுத்துவான். அதற்கு அப்புறம்தான் 'இறங்கு.' கம்ப்யூட்டருக்குள் கர்னல் என்று ஒரு பெரிய அதிகாரி இருக்கிறானாம். ஃபைலிலிருந்து ஒவ்வொரு வரியாக எடுத்துக் கொடுப்பதும், எதுவரை வாசித்தாயிற்று என்று விரல் வைத்துக்கொள்வதும் அவன்தான்.

இரண்டாவது பிரஸ் வந்தபோது வெடுக்கு அந்த ஃபைலை வாசித்துப் பிரஸ்ஸை ஓட்டும் நிரலை, அதாவது புரோகிராமை, அது ஓடும்போதே இரண்டாகப் பிரித்தாள், ஆளுக்கொரு பிரஸ். ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தாள், பழுதில்லை. மறுநாள் காலையில் இரண்டையும் சேர்த்து ஓட்டுவதாக ஏற்பாடு.

அன்று சாயங்காலம் தொழிற்சாலை வாசலில் கொழுந்தன் தாடியைப் பிடித்து இழுத்து, "இதுக்குள்ள குருவி கூடு கட்டியிருக்காடா மச்சான்?" என்று கேட்டு ஒரு அறையும் விட்டான்.

"இந்தக் கையை நசுக்கலேன்னா நான் ஒருத்தனுக்குப் பொறந்தவனில்ல!" என்று தாடி கத்தியது தெருவுக்கே கேட்டது.

காலையில் இடது பிரஸ் ஏறியது. கொழுந்தன் வழக்கம்போல விளக்கைப் பார்க்காமலே துணியோடு கையை உள்ளே விட்டான். பிரஸ் நிற்காமல் இறங்கிவிட்டது. எலும்பு நொறுங்கிய சத்தத்தை அவன் அலறல் முந்திக்கொண்டது. வெட்டிய இளநீர் போல மணிக்கட்டிலிருந்து ரத்தம் பீய்ச்சியடித்தது. கையைத் துணியில் சுற்றி அவனை வண்டியில் ஏற்றினார்கள். மிச்ச ஆட்கள் தாடி பக்கம் திரும்பினார்கள்.

"சொன்னபடி செஞ்சுட்டியேடா, பாவி!"

"அய்யோ, நான் தொடவேயில்ல! சத்தியமா தொடல!"

முதல் உதையில் கீழே விழுந்தான். மேஸ்திரி பூட்ஸ் காலால் அவன் விலாவில் மிதித்தான். ஒருவன் தலைமயிரைப் பிடித்துத் தரையில் மோத, பல் தெறித்தது. மேஸ்திரி இரும்புக் கம்பியைக் கையில் எடுத்தான்.

மேலே கண்ணாடியில் மூக்கு நசுங்க நின்ற வெடுக்கின் கண் வலது பிரஸ்ஸில் போய்க் குத்தியது. அது ஏறவே இல்லை. மூடியபடியே கிடக்க, அதன் மேல் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஏறாத பிரஸ்ஸுக்கு எதற்கு 'நில்'? தான் செய்ததை மனசுக்குள் திருப்பிப் பார்த்தாள். ஃபைலைத் திறந்துவிட்டு, அதற்கப்புறம் நிரலைப் பிரித்திருக்கிறாள். திறந்தது ஒரு தரம். கர்னல் வைத்தது ஒரே விரல். பிரிந்த இரண்டுக்கும் அந்த ஒன்றுதான். இடது பிரஸ் 'ஏறு' வாங்க, வலது 'நில்'லைத் தின்றுவிட, விரல் நகர்ந்து இடதுக்கு நேரே 'இறங்கு' போயிருக்கிறது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் அவள் தப்பிப்பாள், தாடி சாவான். அவள் படியில் விழுந்தடித்து ஓடிவந்தாள்.

"விடுங்க அவனை! தப்பு என்னோடது!"

"மேல போடி!" என்றான் புருஷன்.

"ரெண்டு பிரஸ்ஸும் ஒரே ஃபைலை மாத்தி மாத்தி வாசிக்குது. இதோட 'நில்'ல அது பறிச்சுக்கிச்சு. பொத்தான்கிட்ட ஒருத்தரும் போகாதீங்க. அச்சுல கட்டையை வச்சுப் பாருங்க!"

ஒரு ஆள் மரக்கட்டையை அச்சில் வைத்தான். அவள் கீழே சுவரோரம் இருந்த கம்ப்யூட்டரிலிருந்தே நிரலை முதலிலிருந்து ஓட்டினாள். இடது ஏறியது. வலதில் விளக்கு எரிந்தது. யாரும் பொத்தானைத் தொடாமலே இடது 'தடால்' என்று இறங்க, கட்டை சிதறிச் சிராய் நாலாபுறமும் பறந்தது.

தாடியைப் பிடித்திருந்த கைகள் விட்டன. மேஸ்திரி கட்டையைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான்.

"என் தம்பி கையைத் தின்னது நீதானாடி?"

"ஆமா" என்றாள். அப்போதும் வெடுக்கென்றுதான் வந்தது.

கம்பி அவள் தாடையில் இறங்கியது. இரண்டாவது அடி தோளில். மூன்றாவதற்குள் நாலு பேர் அவனை அமுக்கிவிட்டார்கள். குப்புறக் கிடந்த தாடி நகர்ந்து வந்து அவள் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "அடேய், வண்டி கூப்பிடுங்கடா!" என்று ரத்த வாயோடு ஊளையிட்டான்.

கொழுந்தனுக்கு வலது கை போயிற்று. தாடிக்கு மூன்று விலா முறிந்தும் உயிர் தங்கியது. மாமியார் ஆஸ்பத்திரியில் இளைய மகன் கட்டிலுக்குப் போனாள். மருமகள் கட்டில் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. புருஷன் ஆறு மாதம் சிறையில் இருந்தான். அவள் அந்த வீட்டு வாசலை அப்புறம் மிதிக்கவில்லை. கொழுந்தன் மட்டும் ஒரு தரம் வந்து, "அண்ணி, நீங்க சொல்லலேன்னா மச்சானைக் கொன்னிருப்பாங்க. ஆனா என் கை கைதான்" என்று சொல்லிவிட்டு, நீட்டிய காபியைக் குடிக்காமல் போனான்.

இப்போது வெடுக்கு ரயில் நிலையத்துக்குப் பின் தெருவில், இரண்டாவது மாடியில் தனியாக இருக்கிறாள். தண்ணீர் இறைக்கும் நிலையத்துக்கு நிரல் எழுதுகிறாள்.