ஆடு கத்திய கதை

சிலியானின் கதையைக் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். எங்கள் லா கொனாவ் தீவுக்குப் படகேறி வருகிற ஒவ்வொரு வெள்ளைக்காரக் குழுவுக்கு முன்பும் அவள் தேவாலயச் சபையில் எழுந்து நின்று அதைச் சொல்ல வேண்டும். கிணறு இல்லாத காலம், குட்டைத் தண்ணீர், வாந்திபேதி, மகன் ஜெஃப்தே அவள் மடியிலேயே செத்தது, பிறகு மிஷன் வந்து கிணறு வெட்டியது. அவள் எங்கள் கிரெயோல் மொழியில் சொல்வாள், மிஷனின் மொழிபெயர்ப்பாளன் வில்னேர் அதை ஆங்கிலத்தில் சொல்வான். வந்தவர்கள் அழுவார்கள். ஊருக்குப் போய்ப் பணம் அனுப்புவார்கள்.

நான் மிஷன் சமையல்காரி. அவர்களுக்கு ஆக்கிப் போட்டே ஆங்கிலம் ஓரளவு காதில் ஏறிவிட்டது.

போன குழு வருவதற்கு முன்னால் சிலியான் அடுப்படிக்கு வந்து வில்னேரைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, இனிமே என்னால முடியாது. சொல்லிச் சொல்லி அவன் செத்தது மட்டும்தான் எனக்கு மிஞ்சியிருக்கு. உயிரோட ஓடியாடின பிள்ளை எங்கயோ போயிட்டான்."

"அக்கா, பள்ளிக்கூடத்துக்குக் கூரை வேணுமா வேணாமா? வாத்தியாருக்குச் சம்பளம் யாரு குடுப்பா, உங்க கோழியா?"

அவள் என்னைப் பார்த்தாள். என் மகளும் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறாள். "இந்த ஒரு தடவை சொல்லிடுடி" என்றேன். வேறென்ன சொல்ல?

ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்றாள்.

"என் பையன் ஜெஃப்தே பெரிய போக்கிரி. ஒரு நாள் பாஸ்டரோட ஆட்டுக்குட்டியக் கொண்டாந்து இந்த மேடைக்குப் பின்னாடி கட்டிட்டான். 'பரலோகம் போக யாரு தயார்'னு பாஸ்டர் கேட்டாரு. உடனே 'மே...'ன்னுச்சு!"

சபைக்கு அது மறக்குமா? எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கினோம். தோள்கள் குலுங்கின. நான் ஏப்ரனை வாயில் திணித்துக்கொண்டேன்.

வில்னேர் எமகாதகன். முகம் மாறாமல் குட்டைத் தண்ணீரில் ஆரம்பித்தான். அவள் ஆட்டைச் சொல்ல, அவன் வாந்திபேதியைச் சொன்னான். நாங்களும் அழுகிறோம் என்று நினைத்து வெள்ளைக்காரர்கள் இன்னும் அழுதார்கள். ஒருத்தி ஓடிவந்து சிலியானைக் கட்டிக்கொண்டு விம்மினாள்.

"என்னடா சொன்னே இவங்ககிட்ட?"

"வழக்கமா சொல்றதத்தான்."

"அப்ப நான் எதுக்கு? நீயே சொல்லிக்கோயேன்."

"நீங்க நிக்கணும்ல அக்கா. பெத்தவ நீங்கதானே."

இன்று காலை அடுத்த குழு வந்தது. சிலியான் எழுந்தாள், வாயே திறக்கவில்லை. வில்னேர் பாவி கடைசிவரை சொல்லி முடித்தான். முன்னைவிட அதிகமாக அழுதார்கள்.

அடுப்படிக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாழைக்காய் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"ஆட்டுக் கதையும் சரியா வரமாட்டேங்குதுடி. நடுவுல நடுவுல வில்னேர் குரல்தான் கேக்குது. குட்டிய எதால கட்டினான்?"

"உன் தலைத்துணியாலதான். வீடெல்லாம் தேடினியே!"

சிரித்துவிட்டாள். எத்தனை காலமாயிற்று அவள் சிரித்து! "ஆமாண்டி! என்ன நிறம் அது?"

நான் வாய் திறப்பதற்குள் வாசலில் வில்னேர் நின்றான். "அக்கா, ரெண்டாவது படகும் வந்துடுச்சு. எல்லாரும் காத்திருக்காங்க."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

"மஞ்சள்டி!" என்று பின்னாலேயே கத்தினேன். "மஞ்சள்!"

அதற்குள் சபையில் பாட்டு ஆரம்பித்துவிட்டது. அவள் திரும்பவில்லை.